ஹாலுசினேஷன்: இல்லாததை உணர்வதற்கு ஒரு சொல்

எங்கள் ஆச்சி எண்பது வயதைக் கடந்தபோது அவருடைய இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. ஒரு நாள் மாலை திண்ணையில் அமர்ந்திருந்தவர், எதிர்ச்சுவரை ஒட்டிப் பச்சைப் பாவாடை கட்டிய இரண்டு சிறுமிகள் நிற்பதாகவும், அவர்கள் வாய் திறந்து ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்றும், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள் என்றும் மிக அமைதியாகச் சொன்னார். பாவாடைக் கரையில் ஓடிய சரிகை வரை அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் முகம்தான் தெரியவில்லை. வீட்டில் இருந்தவர்களிடம் இதற்கு இரண்டே பெயர்கள் இருந்தன. ஒருவர் பேய் என்றார்; மற்றவர் புத்தி பேதலித்துவிட்டது என்றார். மந்திரித்துக் கையில் கயிறு கட்டிய பிறகு ஆச்சி அந்தச் சிறுமிகளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அவர்கள் வருவது நின்றுவிட்டதா, அவர் சொல்வதுதான் நின்றுவிட்டதா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மருத்துவ நூல்கள் இதை ஹாலுசினேஷன் என்கின்றன. புறத்தே தூண்டும் பொருள் எதுவும் இல்லாதபோது, விழித்திருக்கும் ஒருவர், உண்மையான புலனுணர்வுக்கு உரிய அதே தெளிவோடு ஒன்றைக் காண்பதும் கேட்பதும் முகர்வதும் தொடுவுணர்வால் அறிவதும் இச்சொல்லுக்குள் அடங்கும். இது கற்பனையன்று, ஏனெனில் கற்பனையை நாமாக வரவழைக்கிறோம், நாமாகவே விட்டும் விடுகிறோம். இதுவோ கேளாமல் வருகிறது, போகச் சொன்னால் போவதில்லை.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. ஆலூசினாரி என்னும் இலத்தீன் வினைச்சொல்லுக்கு மனம் போன போக்கில் அலைதல், பொருளின்றிப் பேசுதல் என்பவை பொருள். ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் பிரவுன் 1646இல் இதைக் கண்ணுக்குரிய சொல்லாகப் பயன்படுத்தினார்: பார்வை அறவே அழிந்தால் அது குருடு, பார்வை கெட்டுப் பொருள்களைப் பிழையாக ஏற்றுக்கொண்டால் அது ஹாலுசினேஷன் என்றார். அவர் சொன்னது, உள்ள பொருளைத் தவறாகக் காண்பதைத்தான். இல்லாத பொருளை உணர்வது என்னும் இன்றைய பொருளை வரையறுத்து நிறுத்தியவர் பிரெஞ்சு மனநல மருத்துவர் எஸ்கிரோல். அவர் 1817 முதல் எழுதிவந்து, 1838இல் வெளியிட்ட பெருநூலில், ஹாலுசினேஷனையும் இல்யூஷனையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். இருளில் கிடக்கும் கயிற்றைப் பாம்பாகக் கண்டால் அது இல்யூஷன். கயிறும் இல்லாத வெறுந்தரையில் பாம்பைக் கண்டால் அது ஹாலுசினேஷன். இந்த ஒரு வேறுபாட்டைத் தாங்க முடியாத தமிழ்ச்சொல் எதுவும் இதற்கு ஏற்ற இணையாகாது என்பது என் கருத்து.

நம்மிடம் இப்போது அதிகமாகப் புழங்கும் சொல் பிரமை. இது வடமொழியின் 'ப்ரம்' என்னும் வேரிலிருந்து வந்தது. அவ்வேருக்கும் சுழலுதல், அலைதல் என்பதே பொருள். இலத்தீனும் வடமொழியும் தனித்தனியே மனத்தின் அலைச்சலையே இந்நிலைக்கு உருவகமாக எடுத்துக்கொண்டிருப்பது வியப்புக்குரியது. "எல்லாம் உன் மனப்பிராந்தி" என்று வீட்டில் சொல்லும்போது வரும் பிராந்தியும் இதே வேரில் பிறந்ததே. ஆனால் பிரமையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரமாணம் என்னும் சொல்லோடு உறவுடைய வேறொரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் பிரமை என்றே அமைகிறது. தருக்க நூல்களில் அதற்கு மெய்யறிவு என்று பொருள். பொய்யறிவுக்கும் மெய்யறிவுக்கும் ஒரே எழுத்து வடிவம் இருப்பதைக் கலைச்சொல் ஆக்குவோர் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. அதைவிடப் பெரிய குறை, 'பிரமை பிடித்தவன்' என்னும் வழக்கு அச்சொல்லின் மேல் ஏற்றிவிட்ட இழிவு. எங்கள் ஆச்சியைப் போன்ற ஒருவரிடம் அச்சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மருள் நல்ல பழந்தமிழ்ச் சொல். "பொருளல்ல வற்றைப் பொருளென் றுணரும் மருள்" என்று குறள் சொல்லும்போது அது நம் பொருளுக்கு மிக அருகில் வந்துவிடுவதாகத் தோன்றும். எனினும் வள்ளுவர் அங்கே பேசுவது அறிவின் மயக்கத்தை, புலனின் மயக்கத்தை அன்று. மேலும் மருள் என்பது அச்சத்தையும், தெய்வம் ஏறி ஆடுவதையும் குறித்து வேறு வேறு திசைகளில் போய்விட்டது. மாயத்தோற்றம் என்பது இதழ்களில் பரவியுள்ள சொல். அதில் உள்ள தோற்றம் கண்ணுக்கு மட்டுமே உரியது. மனச்சிதைவு நோயில் மிகுதியாக நேர்வதோ குரல் கேட்பது. குரலைத் தோற்றம் என்று எப்படிச் சொல்வது?

கண்ணுக்கு உரியதை மட்டும் குறிக்க வேண்டுமானால், தமிழில் அதைவிட அழகான சொல் ஏற்கெனவே இருக்கிறது. அது உருவெளிப்பாடு. தலைவியை நினைந்து உருகும் தலைவனுக்கு அவள் உருவம் வெட்டவெளியில் கண்முன் வந்து நிற்பதை அகப்பொருள் மரபு இவ்வாறு அழைக்கிறது. களவொழுக்கத்தின் நிலைகளைச் சொல்லும் தொல்காப்பியம் "நோக்குவ எல்லாம் அவையே போறல்" என்று இதற்கு நெருங்கிய நிலை ஒன்றைக் குறித்துள்ளது. கம்பர் ஆரணிய காண்டத்தில் இதை ஒரு காட்சியாகவே ஆக்கிவிட்டார். காண்பதற்கு முன்பே சீதையின்மேல் காதல் கொண்ட இராவணனுக்கு அவள் உருவம் எதிரில் தோன்றுகிறது; சூர்ப்பணகையை வரவழைத்து, இவள்தானா நீ சொன்ன சீதை என்று கேட்கிறான்; அவளோ அதே வெற்றிடத்தைப் பார்த்து, இவன் வில்லேந்திய இராமன் அல்லவா என்கிறாள். பெண்ணுருவை நான் காண நீ ஆணுருவைச் சொல்வதென்ன என்று அவன் மறித்துக் கேட்க, உள்ளம் வேறெதிலும் செல்லாமல் ஒருவர்மேல் ஊன்றிவிட்டால் பார்க்கும் இடமெல்லாம் அவரே தோன்றுவது தொன்றுதொட்ட இயல்பு என்று அவள் விடை சொல்கிறாள். உருவம் வெளியில் இல்லை, காண்பவரிடத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு மருத்துவ நூலும் காட்டிவிட முடியாது.

இல்யூஷனுக்கு உரிய சொல்லையும் நம் முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மணிமேகலையில் அளவைவாதி என்னும் தருக்க நெறியாளர் பிழைபட்ட அறிவுகளை எட்டாக எண்ணுமிடத்தில் 'திரியக் கோடல்' என்று ஒன்று வருகிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது அது, வெயிலில் மின்னும் சிப்பியை வெள்ளி என்று நினைப்பது போல. அதிலிருந்து திரிபுணர்வு என்று ஆக்கிக்கொண்டால் இல்யூஷனுக்குப் பொருந்திவிடும்.

எஞ்சுவது ஹாலுசினேஷன். இதற்கு 'இல்பொருள் உணர்வு' என்பதை நான் முன்வைக்கிறேன். இல்பொருள் உவமையணியைப் பள்ளியில் படித்த எவருக்கும் இல்பொருள் என்பது புதிய சொல்லன்று. உலகில் இல்லாத ஒன்று என்று உடனே விளங்கும். உணர்வு என்பது இன்று மனவெழுச்சியையும் குறிப்பதால் மயக்கம் வரலாம் என்று ஒரு தடை எழக்கூடும். ஆனால் அளவைவாதி எண்ணும் அதே எட்டில் சுட்டுணர்வு என்பதும் ஒன்று. அங்கே உணர்வு புலன்வழி அறிதலையே குறிக்கிறது. ஐம்புலன்களுக்கும் இது பொதுவாக நிற்கும். பேய், பித்து, நோய் ஆகிய எதையும் இச்சொல் தன்னோடு கொண்டுவராது என்பதே எனக்கு மிக முக்கியமானது.

ஏனென்றால் இவ்வுணர்வுகளில் பல நோயே அல்ல. கண் செருகும் நேரத்தில் யாரோ நம் பெயரைச் சொல்லி அழைத்தது போல் கேட்டுத் திடுக்கிட்டு எழுவது பலருக்கும் நேர்வது. உறக்கம் புகும் வேளையில் எழும் இத்தகைய உணர்வுகளுக்கு 1848இல் பிரெஞ்சு அறிஞர் மோரி தனிப்பெயரே இட்டார். கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் தளர்ந்து செயலற்றிருக்கும். அத்தளர்ச்சி நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் யாரோ ஏறி அமர்ந்திருப்பது போல் தோன்றும். நம் ஊர்களில் அதற்கு அமுக்குவான் பேய் என்று பெயர். சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்ததாக உணர்ந்து கையை விட்டால் பை வெறுமையாக இருப்பதும் இவ்வகையே. துணி உரசியதை அதிர்வாகக் கொண்டிருந்தால் அது திரிபுணர்வு, உரசலும் இல்லையென்றால் இல்பொருள் உணர்வு. இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை எவ்வளவு மெல்லியது என்பதை இந்த எடுத்துக்காட்டில் காணலாம்.

இறந்தவரைக் கண்டதாகவோ அவர் குரலைக் கேட்டதாகவோ சொல்வோரைப் பற்றி வேல்ஸ் நாட்டு மருத்துவர் டூவி ரீஸ் ஓர் ஆய்வு செய்து 1971இல் வெளியிட்டார். கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் அவர் பேசினார். ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்த துணையின் இருப்பை ஏதோ ஒரு வகையில் உணர்ந்திருந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அதுவரை அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நடந்ததும் அதுதானே.

ஆச்சிக்கு நேர்ந்ததைச் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்ல் போனே 1760இலேயே எழுதிவைத்திருந்தார். கண்புரையால் பார்வை மங்கிய, தொண்ணூறை நெருங்கிய அவருடைய பாட்டனார் ஆண்களையும் பெண்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் கண்டார். அவை உண்மையல்ல என்பதையும் நன்கு அறிந்திருந்தார். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. 1998இல் லண்டனில் இத்தகையோரின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இல்லாத வண்ணங்களைக் காணும் நேரத்தில் வண்ணங்களை அறியும் பகுதியே கிளர்ந்திருந்தது. ஆகவே இல்பொருள் உணர்வில் பொருள்தான் இல்லை. உணர்வு முழு உண்மை.

அண்மைக் காலமாக, கேட்ட கேள்விக்கு விடை எழுதித் தரும் கணினி மொழி மாதிரிகள் தவறான செய்தியைத் துணிந்து சொல்வதையும் ஹாலுசினேஷன் என்கிறார்கள். 2023இல் கேம்பிரிட்ஜ் அகராதி அவ்வினைச்சொல்லை ஆண்டின் சொல்லாகவும் அறிவித்தது. புலனே இல்லாத கருவிக்குப் புலனுணர்வுச் சொல் பொருந்தாது. அதைத் தமிழில் பொய்ப்புனைவு என்று சொல்வதே சரி.

கயிறு கட்டி இரண்டாண்டு கழிந்த பிறகு, புரை அறுவைக்காக ஆச்சியைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் விளக்கை அணைத்துவிட்டு, "பாட்டி, அங்க இல்லாத உருவம் எதுவும் உங்களுக்குத் தெரியுதா?" என்று இயல்பாகக் கேட்டார். ஆச்சி எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "தெரியுது ஐயா. முன்னாடி ரெண்டு பிள்ளைக வரும். இப்போ மூணா வருது" என்றார்.