“நல்லா இருக்கு” என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் அது நடக்கும். யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நிற்பார். சுற்றுமுற்றும் பார்ப்பார். பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, “கொஞ்சம் படிச்சுப் பார்க்கிறீங்களா சிஸ்டர்?” என்பார். பதிப்பகத்தில் பிரதி திருத்துவது என் வேலை என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். சாட்சி, கவிதை, தியானக் கட்டுரை, கிறிஸ்துமஸ் நாடகம் என்று வருஷத்துக்குக் குறைந்தது இருபது கைக்கு வந்துவிடும்.

அந்த நோட்டை வெளியே எடுக்க அவருக்கு எத்தனை மாதம் பிடித்ததோ. நாம் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, “அருமையா இருக்கு, கர்த்தர் உங்களைப் பயன்படுத்துவார்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவர் வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், நாம் படிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிடும். நம் சபைகளில் எழுத ஆரம்பித்த பலர் நின்றுபோனதற்கு இதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். யாரும் அவர்களைத் திட்டவில்லை. ஒருவரும் உட்கார்ந்து படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அறுபது தாண்டிய ஒரு அக்கா, எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர், நாற்பது பக்கத்தில் தன் சாட்சியை எழுதிக் கொடுத்தார். முதல் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “அந்நாட்களில் நாங்கள் பற்பல பாடுகளின் வழியாகக் கடந்துசென்றோம். ஆனாலும் தேவன் எங்களைப் போஷித்தார்.” இரண்டாம் பக்கமும் அதே மாதிரி. பத்தாம் பக்கமும் அப்படித்தான். பிழை என்று சொல்ல ஒன்றுமில்லை, மனதில் நிற்கவும் ஒன்றுமில்லை. பிரசங்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய சொற்கள் அவருடைய சொந்த வாழ்க்கையை மூடி மறைத்திருந்தன.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அக்கா, அப்போ வீட்டில் அரிசியை எதில் போட்டு வைத்திருந்தீர்கள்?”

“மைலோ டின்னுலதான். பெரிய டின்னு. அம்மா விரலால தட்டிப் பார்ப்பாங்க. சத்தத்த வச்சே இன்னும் எத்தன நாளைக்கு வரும்னு சொல்லிடுவாங்க.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “இதெல்லாமா சாட்சியில வரும்?”

இரண்டு வாரம் கழித்துப் புதிய பக்கம் வந்தது. “அம்மா டின்னைத் தட்டினார். வியாழக்கிழமை வரை என்றார். சம்பளம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பக்கத்து லயத்துப் பாட்டி ஒரு மங்கு அரிசியோடு வாசலில் நின்றார். நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.” இதற்குக் கீழே, தேவன் போஷித்தார் என்ற பழைய வரியும் இருந்தது. நான் அதை எடுக்கச் சொல்லவில்லை. அரிசி வந்த பிறகு அந்த வரிக்குக் கனம் கூடியிருந்தது.

வழிகாட்டுவது என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். அவருக்குத் தெரிந்த, ஆனால் எழுதத் தகுதியில்லை என்று அவர் ஒதுக்கிவைத்த ஒன்றைக் கேட்டு வாங்குவது. அதற்கு முழுவதையும் படித்திருக்க வேண்டும். சிவப்புப் பேனா இரண்டாவது வேலை. ஒற்றுப்பிழையைப் பிறகு யாரும் திருத்திவிடலாம்.

சிவப்புப் பேனாவால் வரும் கேடும் உண்டு. “காலையில் பசியாறிவிட்டுப் பெரட்டுக்குப் போனோம்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் பிரதியை எனக்கு முன்பே பார்த்த ஒருவர், அதை “காலை உணவு உண்டபின் பணிக்குச் சென்றோம்” என்று மாற்றியிருந்தார். அந்த ஒரு திருத்தத்தில் ஒரு தோட்டமே காணாமல் போய்விட்டது. பசியாறுவது நம் ஊர்ச் சொல். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பது; அதற்கு நின்றவருக்குத்தான் அது என்ன என்று தெரியும். நம்மைப் போலவே எழுத வைப்பதற்காக நாம் ஒருவர் பக்கத்தில் உட்காருவதில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கிறிஸ்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் ஞாபகம் வரும். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறு பையனாக இருந்தபோதே அவரை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். சுவார்ட்ஸ் ஜெர்மானியர். அந்தப் பையன் பின்னால் பாடிய குறவஞ்சியையும் கீர்த்தனைகளையும் அவரால் எழுதியிருக்க முடியாது. தன்னால் முடியாத ஒன்றை எழுதப்போகிறவனை அவர் வளர்த்தார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நாம் இன்றைக்கும் அந்தக் கீர்த்தனைகளைப் பாடுகிறோம்.

நம் மலேசியத் தமிழ் இலக்கியத்திலும் முன்மாதிரி இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் தமிழ் நேசன் நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். தினப் பத்திரிகையில் கதை எழுதக் கற்றுக்கொடுக்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சபையில் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்க நமக்கு என்ன கஷ்டம்?

நாங்கள் நான்கு பேர் அப்படிக் கூடுகிறோம். ஆளுக்கு மூன்று பக்கம், அதற்கு மேல் கிடையாது. எழுதியவர் வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது நாக்கு தடுக்குகிற இடத்தில் அவரே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் மற்றவர்கள், எந்த இடம் மனதில் நின்றது, எந்த இடத்தில் கவனம் சிதறியது என்று சொல்வோம். ஜெபம் உண்டு, தே தாரிக் தேநீரும் உண்டு. பிரதிக்குப் பதிலாக ஜெபத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை.

கிறிஸ்தவ எழுத்துக்கு என்றே சில கவனங்கள் தேவை. வசனத்தை மனப்பாடத்திலிருந்து எழுதாமல் வேதாகமத்தைத் திறந்து அதிகாரமும் எண்ணும் பார்க்கச் சொல்லுங்கள்; எனக்கு வரும் பிரதிகளில் இந்தத் தவறுதான் அதிகம். இன்னொன்று இதைவிடப் பெரியது. சாட்சியில் மற்றவர்களும் வருவார்கள். ஒரு தாய், மகன் போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட கதையை ஊர், வேலை இடம் எல்லாம் போட்டு எழுதியிருந்தார். மனதை உருக்கும் எழுத்து. “தம்பியிடம் கேட்டீர்களா?” என்றேன். கேட்கவில்லை. மகன் இப்போது வேலையில் இருக்கிறார், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறார்கள். அந்தக் கதையில் பாதி அவருடையது. அவர் சம்மதிக்கும்வரை அச்சுக்குப் போகக்கூடாது என்று அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வேறு யார் சொல்வார்கள்?

அவசரமாக அச்சடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பிரதி போட்டால் ஒரு பிரதியின் விலை குறையும் என்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஓய்வுக்காலப் பணத்தில் பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) போட்டுவிட்டு, வெளியீட்டு விழாவில் எண்பது புத்தகம் விற்று, மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிற வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். முதலில் ஐந்து பேர் படிக்கட்டும். பிறகு நூறு பிரதி போதும். தேசிய நூலகத்தில் நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்குங்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூலில் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிரதி திரும்பி வந்து மனம் உடைந்தவர்களிடம் நான் எரேமியா 36ஆம் அதிகாரத்தைப் படிக்கச் சொல்வேன். எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் பாருக்கு எழுதிய சுருளை யோயாக்கீம் ராஜா கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். எரேமியா இன்னொரு சுருளை எடுத்துக் கொடுக்க, பாருக்கு முதலிலிருந்து எழுதினான். இரண்டாவது சுருளில் முன்பு இல்லாத வார்த்தைகளும் சேர்ந்தன. இரண்டு முறையும் ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னார், ஒருவர் எழுதினார். தனியாக இருந்திருந்தால் பாருக்கு அந்த இரண்டாவது சுருளை எழுதியிருப்பானா என்று எனக்குத் தோன்றும்.

இதையெல்லாம் எழுதுகிற நானே ஒருவரைக் கைவிட்டிருக்கிறேன். பினாங்கிலிருந்து ஒரு தம்பி, இருபத்து மூன்று வயது, சிறுகதைகள் அனுப்பியிருந்தார். நல்ல கை. அடுத்த வாரம் படிக்கலாம் என்று மேசையில் வைத்தேன். எட்டு மாதம் போய்விட்டது. அவர் இரண்டு முறை மரியாதையாகக் கேட்டார், பிறகு கேட்கவில்லை. அன்றிலிருந்து நோட்டை வாங்கும்போதே ஒரு தேதி சொல்லிவிடுகிறேன். முடியாது என்றால் அப்போதே முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கதைகளைப் பிறகு உட்கார்ந்து படித்தேன். படகுத்துறையில் மீன் இறங்குவதைப் பற்றிய கதையில் கடைசிப் பத்தி மட்டும் தேவையில்லை, மற்றது அப்படியே இருக்கலாம் என்று பென்சிலால் எழுதி, மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதமும் வைத்துத் தபாலில் அனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை. தபால் திரும்பியும் வரவில்லை, அதனால் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.