பிழையில்லாமல் கம்பைல் ஆன லைப்ரரி சரியான லைப்ரரி ஆகிவிடாது

பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் நான் வேலை பார்க்கும் காற்றாலைகளில், கோபுரத்தின் அடியில் இருக்கும் பெட்டிக்குள் முன்பு எக்ஸ்86 செயலி கொண்ட தொழிற்சாலைக் கணினிகள் இருந்தன. அந்த இடத்தில் இப்போது உள்ளங்கை அளவுள்ள ஆர்ம் போர்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. மின்சாரம் குறைவாகப் போதும், விசிறி வேண்டாம், விலையும் குறைவு. ஆனால் பழைய கணினியில் ஓடிய லைப்ரரிகளை (நிரல்கள் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளை) அப்படியே எடுத்துப் புதிய போர்டில் வைக்க முடியாது. ஒவ்வொன்றையும் ஆர்ம் செயலிக்காக மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும், அதாவது மூல நிரலை அந்தச் செயலியின் கட்டளைகளாக மாற்றியாக வேண்டும். 512 எம்பி நினைவகம் உள்ள போர்டிலேயே பெரிய லைப்ரரியைக் கம்பைல் செய்ய முயன்றால் பாதியில் நினைவகம் தீர்ந்து நின்றுவிடும் என்பதால், அலுவலகத்து மடிக்கணினியில் உட்கார்ந்து வேறொரு செயலிக்கான லைப்ரரியை உருவாக்குகிறோம். இதுதான் கிராஸ் கம்பைல். பாளையங்கோட்டையிலும் வள்ளியூரிலும் இந்த வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பலர், திரையில் பிழைச்செய்தி எதுவும் வராமல் கம்பைல் முடிந்துவிட்டால் வேலையும் முடிந்துவிட்டது என்று எண்ணுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அந்த எண்ணம் எங்கெங்கே நம்மைக் கைவிடும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, உருவான கோப்பு எந்தச் செயலிக்கானது என்பதை. லினக்ஸில் லைப்ரரிகள் எல்ஃப் என்ற வடிவில் இருக்கும். அதன் தலைப்பகுதியில் செயலியைக் குறிக்கும் எண் ஒன்று உண்டு. 64 பிட் எக்ஸ்86 என்றால் 62, 32 பிட் ஆர்ம் என்றால் 40, 64 பிட் ஆர்ம் என்றால் 183. 'ரீட்எல்ஃப்' கட்டளை இதைப் பெயராகவே காட்டிவிடும். பகிர்ந்து பயன்படுத்தும் லைப்ரரியென்றால் 'ஃபைல்' கட்டளையே போதும். ஆனால் ஸ்டேட்டிக் லைப்ரரியை, அதாவது நிரலுக்குள்ளேயே ஒட்டப்படும் லைப்ரரியைக் கொடுத்தால், அது ஓர் ஆவணக் கட்டு என்று மட்டும் சொல்லி 'ஃபைல்' நின்றுவிடும். உள்ளே இருக்கும், கம்பைலின் இடைநிலை வெளியீடான ஆப்ஜெக்ட் கோப்புகளை 'ரீட்எல்ஃப்' கொண்டு பார்க்க வேண்டும். முந்தைய கம்பைலில் மிச்சமான எக்ஸ்86 ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று அந்தக் கட்டுக்குள் கலந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

செயலியின் பெயர் பொருந்திவிட்டால் மட்டும் போதாது. பொறியியல் கல்லூரி மாணவர்கள் செயல்திட்டத்துக்கு ராஸ்பெர்ரி பை ஜீரோவை வாங்குகிறார்கள். அதில் இருப்பது ஆர்ம் 6ஆம் பதிப்புக் கட்டளைகளை ஏற்கும் செயலி. உபுண்டு லினக்ஸில் நிறுவிக்கொள்ளும் ஆர்ம் ஹார்டு ஃப்ளோட் (தசம எண் கணக்கைச் செயலியின் வன்பொருளிலேயே செய்யும் வகை) கம்பைலரோ இயல்பாக 7ஆம் பதிப்புக்கான கட்டளைகளையே எழுதும். பை போர்டுக்கான டூல்செயின் (கம்பைலர் உள்ளிட்ட கருவித் தொகுப்பு), உபுண்டுவின் டூல்செயின் இரண்டின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கும். கம்பைல் சுத்தமாக முடியும், 'ஃபைல்' கட்டளையும் ஆர்ம் என்றே சொல்லும், போர்டில் ஓட்டினால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துவிடும். 6ஆம் பதிப்பு என்று கம்பைலருக்குக் கொடி (ஃப்ளாக் எனும் விருப்பக் குறிப்பு) கொடுத்தாலும் முழுத் தீர்வு ஆகாது; அந்த டூல்செயினோடு வரும் தொடக்கக் கோப்புகளும் கம்பைலரின் துணை லைப்ரரியும் ஏற்கெனவே 7ஆம் பதிப்புக்குக் கம்பைல் ஆனவை. அந்தப் போர்டுக்கென்று உருவான டூல்செயினை எடுப்பதே வழி.

அடுத்தது கலப்படம், அதாவது மடிக்கணினியின் கோப்புகள் போர்டுக்கான கம்பைலில் கலந்துவிடுவது. மடிக்கணினியின் 'யூஎஸ்ஆர் இன்க்ளூட்' அடைவில், லைப்ரரிகளின் செயற்கூறுகளையும் தரவுக் கட்டமைப்புகளையும் விவரிக்கும் ஹெடர் கோப்புகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. லைப்ரரி எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'பிகேஜி கான்ஃபிக்' கருவிக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது மடிக்கணினியின் பாதைகளையே எடுத்துக் கொடுக்கும். சில லைப்ரரிகள் 'லாங்' என்ற எண் வகை எத்தனை பைட் என்பதைத் தங்கள் ஹெடரிலேயே எழுதி வைத்துக்கொள்ளும். 64 பிட் மடிக்கணினியில் அது 8, 32 பிட் ஆர்மில் 4. ஹெடர் ஓரிடத்திலிருந்தும் லைப்ரரி வேறோரிடத்திலிருந்தும் வந்தால் கம்பைலர் குறை சொல்லாது, ஆனால் தரவுக் கட்டமைப்பின் உள்ளே ஒவ்வொரு புலமும் இடம் நகர்ந்து நிற்கும். ஆகவே போர்டின் கோப்பு அமைப்பை அப்படியே நகலெடுத்து சிஸ்ரூட்டாக வைத்து, 'பிகேஜி கான்ஃபிக்'கின் தேடுபாதையை அதற்குள் மட்டும் அடைக்க வேண்டும்; கம்பைலை நடத்தும் சிமேக் கருவியைப் பயன்படுத்தினால் டூல்செயின் கோப்பில் லைப்ரரி, ஹெடர் இரண்டையும் சிஸ்ரூட்டில் மட்டுமே தேடும்படி எழுத வேண்டும்.

கம்பைலுக்கு முன் தளத்தைச் சோதிக்கும் 'கன்ஃபிகர்' நிரலுக்கும் இதே வேலையில் ஒரு தடுமாற்றம் உண்டு. அது சாதாரணமாகச் சிறு சோதனை நிரல்களைக் கம்பைல் செய்து, ஓட்டிப் பார்த்து முடிவெடுக்கும்; கிராஸ் கம்பைலில் ஓட்ட முடியாது, ஊகிக்கும். 'கன்ஃபிகர்' நிரலை உருவாக்கும் ஆட்டோகான்ஃப் கருவியின் பழைய பதிப்பில் எழுதப்பட்ட லைப்ரரிகளில் 'ஆர்பிஎல் மாலக்' என்ற செயற்கூறு இல்லை என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் நிற்பதற்கு அந்த ஊகம்தான் காரணம். சரியான விடையை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. சத்தம் போட்டு நிற்கும் பிழை என்பதால் இதில் ஆபத்து குறைவு.

சத்தமே போடாத பிழைதான் களத்தில் இறங்கும். பிளேடு தன் அச்சில் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதைக் காட்டும் பிட்ச் கோணத்தைப் படித்து அனுப்பும் ஒரு சிறிய சி லைப்ரரி, பழைய எக்ஸ்86 கணினியில் ஆண்டுக்கணக்காக ஓடியது. அதை எழுதியவர் கோணத்தை 'சார்' வகை மாறியில் வைத்திருந்தார். கோணம் சிறியதுதானே, ஒரு பைட் போதும் என்று நினைத்திருக்கலாம். சி மொழியின் வரையறை, வெறும் 'சார்' எதிர்ம எண்ணை ஏற்குமா ஏற்காதா என்பதை அந்தந்தத் தளத்தின் முடிவுக்கு விட்டிருக்கிறது. லினக்ஸில் எக்ஸ்86 ஏற்கும், ஆர்ம் ஏற்காது. பிட்ச் கோணம் சுழியத்துக்குச் சற்றுக் கீழே, மைனஸ் இரண்டு பாகைக்குப் போவது இயல்பான நிலை. அதே பைட்டை ஆர்ம் போர்டு 254 என்று படித்தது. எச்சரிக்கை அடித்து, இயந்திரத்தை நிறுத்தி, ஆளை ஏற்றிப் பார்த்த பிறகு அங்கிருந்த டெக்னீஷியன் தொலைபேசியில் சொன்னார்: "அண்ணாச்சி, மேல ஏறிப் பாத்தாச்சு. பிளேடு ஒழுங்காத்தான் நிக்கி. உங்க ஸ்கிரீன்லதான் எரநூத்தி அம்பத்தி நாலுன்னு காட்டுது." தென்மேற்குப் பருவக்காற்று முழுவீச்சில் அடிக்கும் மாதத்தில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று ஒவ்வொரு மணி நேரமும் காசாகும் நேரத்தில், அந்த இயந்திரம் நின்றது. நிரலில் ஒரு வரி கூட மாறவில்லை. மாறியது செயலி மட்டுமே.

இதற்கு மருந்து, எண்ணை வைக்கும் இடத்தில் 'சார்' என்று எழுதாமல் 'இன்ட்8' என்று அளவையும் குறியையும் வெளிப்படையாக எழுதுவது. பிறர் எழுதிய லைப்ரரியைத் திருத்த முடியாத நிலையில், 'சார்' எதிர்ம எண்ணை ஏற்க வேண்டும் என்று கம்பைலருக்குக் கொடி கொடுக்கலாம். அந்த லைப்ரரியின் எல்லாக் கோப்புகளுக்கும் அதைக் கொடுக்க வேண்டும். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்து, முடிவுக் குறியான மைனஸ் ஒன்று வரும்வரை சுற்றும் வளையத்தில் 'சார்' மாறியை வைத்திருந்தால், ஆர்மில் அந்த வளையம் முடியவே முடியாது என்பதையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள்.

"கியூஇஎம்யூவில் சோதித்துவிட்டேன்" என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஃபாப்ரீஸ் பெல்லார்டு தொடங்கிய அந்தக் கருவி, வேறொரு செயலியைப் போல நடித்து, ஆர்ம் லைப்ரரியின் சோதனைகளை மடிக்கணினியிலேயே ஓட்ட உதவும் அருமையான துணை. மேலே சொன்ன பிட்ச் கோணப் பிழையை அது சில நொடிகளில் காட்டியிருக்கும். ஆனால் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நினைவகத்தைத் தொடும் லைப்ரரிகளுக்கு அதன் சான்று போதாது. எழுதிய வரிசையிலேயே தரவு செயலியின் மற்ற கோர்களுக்குத் தெரியும் என்பதில் எக்ஸ்86 கண்டிப்பானது. ஆர்ம் அந்த வரிசையைத் தளர்த்திக்கொள்ள உரிமை பெற்றது. வரிசையைக் காக்கத் தேவையான தடுப்புக் கட்டளை இல்லாமல் எழுதிய நிரல் எக்ஸ்86 மடிக்கணினியின் கண்டிப்பில் ஒளிந்துகொள்ளும், கியூஇஎம்யூவுக்குள்ளும் ஒளிந்துகொள்ளும், உண்மையான ஆர்ம் கோர்களில் என்றோ ஒரு நாள் வெளிப்படும். உண்மையான போர்டில், எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுத்து நாள்கணக்கில் ஓட்டுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உபுண்டு 22.04இல் இருப்பது 2.35, டெபியன் 11இல் இருப்பது 2.31. புதியதை வைத்துக் கம்பைல் செய்து பழையதில் ஓட்டினால், 2.34 பதிப்பு இல்லை என்று போர்டு மறுத்துவிடும். த்ரெட் லைப்ரரி அந்தப் பதிப்பில்தான் ஜிலிப்சிக்குள் இணைந்தது. போர்டின் சிஸ்ரூட்டை வைத்தே கம்பைல் செய்பவருக்கு இந்தத் தொல்லை வராது.

நாமே கம்பைல் செய்து போர்டில் வைத்த லைப்ரரிக்கு, உபுண்டு, டெபியனின் தொகுப்பு நிறுவியான 'ஏபிடி' வழியாகத் திருத்தம் வராது என்பது பலருக்கு உறைப்பதில்லை. லினக்ஸ் வெளியீட்டோடு வந்த, தகவலை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை வேறு யாரோ கவனித்துக்கொள்கிறார்கள். நம் கையால் வைத்ததற்கு நாமே பொறுப்பு. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. ஸ்டேட்டிக்காக ஒட்டப்பட்டிருந்தால், எந்த நிரலுக்குள் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பிறகு கண்டுபிடிப்பதே பெரும் பாடு. மூலக் கோப்பின் செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்), லைப்ரரிப் பதிப்பு, டூல்செயின் பதிப்பு, கொடுத்த கொடிகள் ஆகியவற்றைக் கோப்பில் எழுதி வைப்பதை முதல் நாளிலிருந்தே வழக்கமாக்க வேண்டும். போர்டுக்கான முழு லினக்ஸையும் கட்டித் தரும் பில்ட்ரூட், யோக்டோ போன்ற கருவிகள் இந்தப் பதிவைத் தாமே வைத்துக்கொள்கின்றன. யாரோ கம்பைல் செய்து இணையத்தில் போட்ட ஆர்ம் லைப்ரரியை எடுத்துக் களத்துக்கு அனுப்புவதை நான் அறவே எதிர்க்கிறேன். மூலக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது: 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு வெளிப்படுத்தினார். கம்பைல் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட், இலக்கு 64 பிட் எக்ஸ்86 லினக்ஸ்தானா என்று பார்த்த பிறகே அதை உள்ளே நுழைத்தது. கம்பைல் செய்யும் படியே தாக்குதலுக்கான இடம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

32 பிட் ஆர்ம் போர்டுகளைக் காற்றாலையில் வைப்பவர்கள் 2038ஆம் ஆண்டையும் இப்போதே கணக்கில் எடுக்க வேண்டும். காற்றாலையின் வடிவமைப்பு ஆயுள் பொதுவாக 20 ஆண்டுகள். நேரத்தை 32 பிட்டில் எண்ணும் நிரல்களின் கணக்கு 2038 ஜனவரி 19 அன்று தீர்ந்து, 1901க்குத் தாவிவிடும். ஜிலிப்சி 2.34லிருந்து 32 பிட் போர்டிலும் 64 பிட் நேரத்தைக் கேட்டுப் பெறலாம், ஆனால் அதற்கு 'டைம் பிட்ஸ்', 'ஃபைல் ஆஃப்செட் பிட்ஸ்' என்ற இரண்டு மேக்ரோக்களையும் 64 என்று கொடுத்துக் கம்பைல் செய்ய வேண்டும். லைப்ரரியை ஒரு விதமாகவும் அதை அழைக்கும் நிரலை வேறு விதமாகவும் கம்பைல் செய்தால், நேரத்தைக் கொண்ட ஒவ்வொரு தரவுக் கட்டமைப்பும் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு அளவில் இருக்கும். இதையும் லிங்கர் சொல்லாது. எனவே லைப்ரரிகள் அனைத்தையும் ஒரே சமயத்தில் ஒரே கொடிகளோடு மறுபடி கம்பைல் செய்து, போர்டைக் களத்துக்கு ஏற்றும் முன் மேசையில் வைத்து, இணைய நேர ஒத்திசைவை நிறுத்தி, தேதியை 2038 ஜனவரி 18 என்று மாற்றி, இரண்டு நாள் ஓட விட்டுப் பதிவுக் கோப்பைப் படியுங்கள்.