குடம் தூக்க ஏன் இத்தனை நாள்?

“கர்ப்பப்பை இறக்கத்துக்காக அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி 3 வாரம் ஆகிறது. வலியே இல்லை, நன்றாக நடக்கிறார். ஆனாலும் குடம் தூக்கக் கூடாது என்கிறார் டாக்டர். சும்மா பயமுறுத்துகிறாரா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

இல்லை. உறியில் தொங்கும் பானையை அடியில் ஒரு கையும் ஏந்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பானை கர்ப்பப்பை, கயிறு அதைப் பிடித்திருக்கும் நார்கள், கை இடுப்பின் அடித்தளத் தசை. பிரசவத்தில் கை தளர்ந்தால் பாரம் கயிற்றுக்குப் போகிறது. வருஷக்கணக்கில் இழுபட்டுக் கயிறு நீள்கிறது. ஒருநாள் பானை வாசல் வரை வந்துவிடுகிறது.

சரிசெய்யப் பல வழிகள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, யோனியின் மேல்முனையை இடுப்பெலும்பை ஒட்டிய உறுதியான நாரோடு சேர்த்துத் தைக்கலாம். கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே பட்டையால் தூக்கிக் கட்டலாம். பம்பாய் மருத்துவர்கள் ஷிரோட்கர், புரந்தரே பெயர்களில் இதற்கு முறைகள் உண்டு.

எனக்குப் பிடித்தது இந்தத் தையல் நூலின் கதைதான். பெரும்பாலும் போடுவது கரையும் நூல். முன்பு ஆட்டுக்குடலில் செய்தார்கள்; உடலின் நொதிகள் அதைத் தின்றன, எத்தனை நாளில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இன்றைய செயற்கை நூலை அறுப்பது வெறும் தண்ணீர். உடலின் ஈரம் நூலின் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் துண்டிக்கிறது. ஒருவகை நூலில் மிஞ்சுவதில் ஒன்று லாக்டிக் அமிலம், நம் தயிரில் இருக்கும் அதே சரக்கு! அந்த நூலின் பலம் 3 வாரத்தில் ஏறக்குறையப் பாதியாகிவிடும்; மெதுவாகக் கரையும் இன்னொரு வகையில் 6 வாரம் வரை கொஞ்சம் மிஞ்சும்.

நூல் விட்டுக்கொடுக்கும் இடத்தைப் பிடிக்க வேண்டியது கொலாஜன் என்ற புரத இழை. அவசரத்தில் உடல் முதலில் மெல்லிய கொலாஜனைத்தான் நெய்கிறது. பிறகு அதைப் பிரித்துவிட்டு முரட்டு இழையாக மாற்றி நெய்கிறது. 3 வாரத்தில் காயத்துக்குப் பழைய பலத்தில் சுமார் 20 சதவீதம்தான். 80 சதவீதத்தை எட்ட 3 மாதம். வலி அடங்கி, “எல்லாம் சரியாகிவிட்டது” என்று தோன்றும் நேரமும், நூலும் திசுவும் இரண்டுமே பலவீனமாக இருக்கும் நேரமும் ஒன்றுதான். அப்போது குடம் தூக்கினால் வயிற்றின் அழுத்தம் நேராகத் தையலில் இறங்கும்.

அமெரிக்காவில், ஆபரேஷனுக்குப் பிறகு ‘பாரம் தூக்காதே’ போன்ற தடைகளைத் தளர்த்திப் பார்த்த ஆய்வில் 3 மாதத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உண்மைதான். ஆனால் 15 லிட்டர் குடத்தை இடுப்பில் ஏற்றித் தெருவைக் கடக்கும் பெண்களை வைத்து யாராவது ஆராயட்டும், பிறகு பேசலாம். பெண்களின் நோய் என்றாலே ஆய்வுக்குப் பணம் கடைசியில்தான் வருகிறது. இறக்கத்தைத் தாங்கிப் பிடிக்க யோனி வழியாக வைக்கும் செயற்கை வலைகளின் விற்பனையை அமெரிக்க அரசு நிறுத்தியது 2019-இல், பல வருஷம் விற்றுத் தீர்த்த பிறகு.

அதற்காக அம்மாவை ஒரு மாதம் படுக்கையிலேயே வைத்துவிடாதீர்கள். காலில் ரத்தம் உறையும். நடக்கட்டும். பத்தியம் என்று காய்கறியை நிறுத்தினால் மலச்சிக்கல் வரும்; முக்கினால் அந்த அழுத்தமும் நேராகத் தையலில்தான் இறங்கும். கீரையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். குடத்தை மட்டும், டாக்டர் சரி என்று சொல்லும்வரை, வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். அப்பாவுக்கும் இடுப்பு உண்டுதானே?