எஸ்லாஹ் தலப்: மிதவாதி இல்லை

ஈரானில் 2014 வாக்கில் உருவான ‘நெதா’ கட்சி பற்றித் தமிழில் ஒரு மொழிபெயர்ப்பு படித்தேன். ‘இளம் மிதவாதிகளின் கட்சி’ என்று போட்டிருந்தார்கள். பொறுக்கவில்லை. 2024இல் பெசெஷ்கியான் அதிபரானபோதும் இதே கூத்துதான்: முதல் பத்தியில் சீர்திருத்தவாதி, மூன்றாம் பத்தியில் மிதவாதி.

பாரசீகத்தில் இந்தச் சீர்திருத்த அணியினருக்குப் பெயர் ‘எஸ்லாஹ் தலப்’. எஸ்லாஹ் அரபு வழி வந்த சொல், திருத்துதல், சரிசெய்தல். முடிவெட்டி முகம் மழிப்பதையும் ஈரானியர் எஸ்லாஹ் என்பார்கள். நம் முடிதிருத்தகத்தில் இருக்கும் அதே திருத்தம். தலப் என்றால் நாடுதல். தாலிபானில் உள்ள தாலிபுக்கும் இதுவே வேர்.

சரி, மிதவாதி என்றால் என்ன குறை? அந்தச் சொல் நமக்கு 1907 சூரத் காங்கிரஸோடு ஒட்டிக்கொண்டது. கோகலே மிதவாதி, திலகர் தீவிரவாதி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது வேகத்தைச் சொல்லும் சொல். எதை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. ஈரானிலோ மிதவாதத்துக்குத் தனிச்சொல்லே உண்டு: ‘எத்தெதால்’. 2013 அதிபர் தேர்தலில் வென்ற ரூஹானி அந்தப் பெயரில்தான் வந்தார். 1997இல் வென்ற கத்தாமிதான் எஸ்லாஹ் தலப். இரு அணிகளும் தேர்தலில் கைகோத்தன, உண்மைதான். அதற்காகப் பெயரையும் சேர்த்துக் குழைக்கலாமா? கத்தாமி காலத்துச் சீர்திருத்தக் கட்சியான பங்கேற்பு முன்னணியின் தாஜ்சாதே 2009 தேர்தலுக்குப் பின் ஏழாண்டு சிறையில் இருந்தார். அவரையும் மிதவாதி என்று எழுதினால் வாசகருக்கு என்ன புரியும்?

நெதா விஷயத்தில் பிழை இன்னும் பெரிது. நெதா என்றால் குரல், அழைப்பு. ‘எஸ்லாஹ் அணியின் இரண்டாம் தலைமுறை’ என்பதன் பாரசீக முதலெழுத்துகளைச் சேர்த்தாலும் நெதா வரும். முன்னாள் தூதர் சாதிக் கராஸி தலைமையில் அந்த இளையவர்கள் உரிமை கோரியதே எஸ்லாஹ் என்ற பெயருக்குத்தான். மொழிபெயர்ப்பாளர் அதையே வெட்டிவிட்டார்.

‘சீர்திருத்தவாதி’ பரவாயில்லை. ஆனால் தலப் என்பது வாதம் இல்லை, நாட்டம். அப்புறம், தீவிரவாதி, பயங்கரவாதி என்று கேட்டுக் கேட்டு ‘வாதி’யே காதில் முரடாக விழுகிறது. ‘சீர்திருத்தம் நாடுவோர்’ என்று எழுதலாம். தலைப்பில் இடம் போதாதென்றால் ‘சீர்திருத்த அணி’. நெதாவினரைச் ‘சீர்திருத்தம் நாடும் இளையோர்’ என்றே சொல்லலாம்.