இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு வெளிநாடா? சம்பளத்தை அப்புறம் சொல்லு, விசாவைக் காட்டு

போன வாரம் வீரவநல்லூரில் இருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகள் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். பாஸ்போர்ட்டை வாங்கிப் புரட்டினேன். தாய்லாந்து முத்திரை மூன்று. மூன்றும் டூரிஸ்டாக உள்ளே போனதற்கு அடித்தது. கெடு முடியும்போதெல்லாம் வேன் ஏறி லாவோஸ் எல்லையைத் தாண்டி, ஒரு ராத்திரி கிடந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஐந்து மாசம் வகுப்பு எடுத்தவள், ஒரு நாள்கூட அந்த நாட்டுச் சட்டப்படி டீச்சராக இருக்கவில்லை.

"ஒர்க் பெர்மிட் அங்க போயி மாத்திக்கிடலாம்னு சொன்னாவ மிஸ்."

சொன்னது ஏஜென்ட். எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அம்மாதான் பதில் சொன்னார். "ஒண்ணே முக்கா லட்சம் டீச்சரம்மா. சங்கிலியும் வளையலும் பேங்க்ல கெடக்கு."

பள்ளிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வந்த அன்று இவளைச் சமையல் ஸ்டோருக்குள் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம். வகுப்பில் இருந்து இழுத்துக்கொண்டு போன வேகத்தில் கையில் இருந்த மார்க்கரை மூடக்கூட இல்லையாம். "சுடிதாரெல்லாம் மை மிஸ்" என்று சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

இந்த வருஷம் என் மேசைக்கு வந்த ஆறாவது பாஸ்போர்ட் இது. எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாலத்தீவில் ஒரு தீவுப் பள்ளியில் இரண்டு வருஷம், ஓமானில் ஓர் இந்தியப் பள்ளியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். இப்போது பாளையங்கோட்டையில், புதிதாக டீச்சர் வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் வாசலிலேயே கேட்கும் கேள்வி, "எந்த நாட்ல மிஸ் சம்பளம் கூட?" அதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: உலகம் பூரா இங்கிலீஷ் வேண்டும், எனக்கு இங்கிலீஷ் தெரியும், ஆகவே எந்த நாடும் என்னை எடுத்துக்கொள்ளும். இந்த 'ஆகவே'யில்தான் நகை அடகுக்குப் போகிறது.

கொரியாவை எடுத்துக்கொள்வோம். வீடு இலவசம், விமான டிக்கெட் இலவசம் என்று யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொல்கிறாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குக் கிடைத்ததைச் சொல்கிறாள். மொழி ஆசிரியருக்கு கொரியா கொடுக்கும் இ-2 விசா, இங்கிலீஷ் என்று வரும்போது அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் ஆப்பிரிக்கா என்ற 7 நாட்டு பாஸ்போர்ட்டுக்குத்தான். நீ ஐ.இ.எல்.டி.எஸ். என்ற இங்கிலீஷ் தேர்வில் 8 வாங்கியிருந்தாலும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. உன் உச்சரிப்பு சரியில்லை என்று யாரும் சொல்லவில்லை, உன்னைப் பேசச் சொல்லிக் கேட்கவே இல்லை. பாஸ்போர்ட் அட்டையைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில் நமக்கென்று ஒரு சின்ன ஜன்னல் வைத்தார்கள்: ஆங்கிலத்தில் பட்டம், அதோடு ஆசிரியர் தகுதிச் சான்று இரண்டும் இருந்தால் பள்ளியில் துணை ஆசிரியராகலாம். நம் பக்கம் ஏஜென்ட்கள் காட்டுகிற தனியார் டியூஷன் சென்டர் வேலை அந்த ஜன்னலில் வராது. சீனாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டுக்காரர்களுக்குத்தான் முதல் உரிமை. போதாததற்கு 2021இல் பள்ளிப் பாடத்துக்கு நடத்தும் தனியார் டியூஷன்களை அரசாங்கமே இறுக்கியதில் ஏகப்பட்ட சென்டர்கள் மூடிப்போயின.

இதை நான் சொன்னால் "இது அநியாயம் மிஸ்" என்கிறார்கள். அநியாயம்தான். ஆனால் அநியாயம் என்பதற்காக இமிகிரேஷன் கவுன்டரில் இருப்பவர் முத்திரையை மாற்றிக் குத்தப்போவதில்லை.

அடுத்த தலைவலி, ஆன்லைனில் தள்ளுபடியில் வாங்கும் 120 மணி நேர டெஃபல் சர்ட்டிபிகேட், அதாவது வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் படித்ததற்கான சான்று. படித்தால் நல்லது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜ் கொடுக்கும் செல்டா என்ற இங்கிலீஷ் டீச்சர் பயிற்சியும் 120 மணி நேரம்தான், அதிலே 6 மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் எடுக்க வேண்டும். பின்பெஞ்சில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செல்போனில் டிக் அடித்து முடித்ததை அதோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். விசா அதிகாரிக்கு உன் பி.எட். பெரிது. உன் பட்டம் பெரிது. அவையும் முறையாக அட்டெஸ்ட் ஆகியிருந்தால்தான். ப்ரொவிஷனலைக் கொண்டுவந்து நீட்டினால் வேலைக்காகாது, கான்வொகேஷன் சர்ட்டிபிகேட் வேண்டும். ஒரு நாட்டுச் சான்றிதழை இன்னொரு நாடு ஒரே முத்திரையில் ஏற்றுக்கொள்வதற்கான அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் இருந்து இருக்கிறது. ஓமானும் இருக்கிறது, அந்த ஒரு முத்திரை போதும். துபாய்க்கென்றால் தூதரகம் வரை ஏறி இறங்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, இனிஷியல். மார்க் ஷீட்டில் எஸ். முத்துலட்சுமி, பாஸ்போர்ட்டில் முத்துலட்சுமி சுப்பிரமணியன், ஆதாரில் முத்துலெட்சுமி. ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்கிடலாம்" என்பான். அவன் பார்க்கமாட்டான். கிளம்புவதற்கு ஆறு மாசம் முன்பே சரிசெய்.

சரி, எங்கேதான் போவது? முதல் தடவை போகிற டீச்சருக்கு என் பதில் பல வருஷமாக மாறவில்லை. வளைகுடாவில் இருக்கும் இந்தியப் பள்ளிகள், இல்லாவிட்டால் மாலத்தீவு. கவர்ச்சி இல்லாத பதில்தான். ஆனால் இந்த இரண்டிலும் நம் பி.எட்.டுக்கு மதிப்பு இருக்கிறது, விசாவில் 'டீச்சர்' என்றே எழுதுகிறார்கள், ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலியில் பத்து வருஷ அனுபவக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முதல் வருஷத்தில் சம்பளத்தைவிட எனக்குக் காசு மாதிரி உதவியது அந்தப் பக்கத்து நாற்காலிதான். நாகர்கோவில்காரர் ஒருவர், நான் எழுதிய பாடக்குறிப்பை முதல் வாரமே கிழித்துப் போட்டுவிட்டு, "பிள்ளையள பேச விடும்மா, நீயே பேசிட்டிருக்க" என்றார்.

 

மாலத்தீவுக்குப் போகிறவர்கள் எந்தத் தீவு, எந்த அடோல் (தீவுக்கூட்டம்) என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தலைநகர் மாலேயில் வேலை என்று நினைத்துப் போய் இறங்கினால், அங்கிருந்து இன்னொரு விமானம், அதற்கப்புறம் போட். பிள்ளைகள் வீட்டில் பேசுவது திவேஹி, படிப்பது இங்கிலீஷ் மீடியம், எழுதுவது பிரிட்டிஷ் போர்டு பரீட்சை. தூத்துக்குடியில் இருந்து தோணியில் காய்கறி போகிற ஊர் அது. கடல் சீறினால் கடையில் தக்காளி இருக்காது. அங்கிருந்து நமக்கு வருவது மாசிக் கருவாடு. சைவப் பிள்ளைகள் இதை யோசித்துக்கொள்ளுங்கள், முதல் மாசம் நான் பருப்பிலேயே ஓட்டினேன். சுவாமி சிலையைப் பெட்டியில் வைக்காதீர்கள், கஸ்டம்ஸில் விடமாட்டார்கள். முக்கியமாக, சம்பளம் அந்த நாட்டுப் பணமான ரூஃபியாவிலா டாலரிலா என்று கேளுங்கள். ரூஃபியாவை டாலராக மாற்றி ஊருக்கு அனுப்ப வங்கியில் மாத வரம்பு இருக்கிறது. சம்பளம் பெரிதாகத் தெரியும், வீட்டுக்கு வந்து சேருவது சிறிதாக இருக்கும். அடகுக் கடனை இந்தச் சம்பளத்தில் அடைக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் நிறையப் பேர் இங்கேதான் சறுக்கினார்கள்.

தாய்லாந்து, வியட்நாம் போகவே கூடாது என்று சொல்லவில்லை. முறையாக வேலை விசா, ஒர்க் பெர்மிட் எடுத்துக் கொடுக்கும் பள்ளிகள் உண்டு. இங்கே இரண்டு மூன்று வருஷம் வகுப்பு எடுத்துப் பழகிவிட்டுப் போங்கள். தாய்லாந்தில் கெடு தாண்டித் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாத், மேலே போனால் 20,000 வரை அபராதம். அது போகட்டும், கட்டித் தொலைக்கலாம். 2022இல் தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை ஊரான மே சோட் வழியாக மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி செய்யவைத்தார்கள். தமிழ்நாட்டுப் பையன்கள் மீட்கப்பட்டு வந்ததை எல்லோரும் டிவியில் பார்த்தோம். பார்த்துவிட்டு மறந்தும் போனோம்.

ஏஜென்ட்டிடம் போகத்தான் வேண்டுமா? வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. ஒண்ணே முக்கால் லட்சம் கேட்டவுடனேயே எழுந்து வந்திருக்க வேண்டாமா? "சொந்தக்காரப் பையன் மிஸ்" என்றால் இன்னும் வேகமாக எழுந்து வா. சென்னையில் 1978இல் இருந்து தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே ஒரு தடவையாவது விசாரி. போலீஸ் கிளியரன்ஸுக்கு மெட்ராஸ் ஓட வேண்டாம், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

அம்மாமார்களே, அப்பாமார்களே, உங்களிடம் திட்டவில்லை, கேட்டுக்கொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஆஃபர் லெட்டரை வெளிநாட்டில் வேலை பார்த்த யாராவது ஒரு டீச்சரிடம் காட்டுங்கள். முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், சம்பளம் முதல் பக்கத்தில் இருக்கும், பிடித்தம் எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடையநல்லூரில் இருந்து ஒரு லெட்டர் வந்திருக்கிறது. வியட்நாம். பள்ளியின் பெயர் இருக்கிறது, முகவரி இல்லை. விசா என்ற இடத்தில் 'வந்தபின் ஏற்பாடு செய்யப்படும்'. அட்வான்ஸ் கட்டியாச்சா என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் இல்லை.