கிளியின் இனம் என்னவென்று கேட்டுவிட்டு வாங்குங்கள்

பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவராக நான் தமிழ்நாட்டில் சந்திக்கும் குடும்பங்களில் பல, வெளிநாட்டுக் கிளியை வளர்த்தால்தான் சட்டச் சிக்கல் வரும், நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கின்றன. உண்மை நிலை இதற்கு நேர்மாறானது. தோப்புகளிலும் கோயில் கோபுரங்களிலும் கூட்டமாய்ப் பறக்கும் செந்தார்ப் பைங்கிளியையும் அதைவிடப் பெரிதான பெரிய பச்சைக்கிளியையும் பிடிப்பதற்கோ விற்பதற்கோ வீட்டில் வளர்ப்பதற்கோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. கிளி ஜோசியக்காரரின் கூண்டில் இருக்கும் கிளிக்கும் இதே சட்டம்தான். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் கிளி இருக்கிறது என்பதும் விலக்கு ஆகாது. இது சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றம் என்பதோடு, பொதுவான மீறல்களுக்கான அபராத உச்சவரம்பும் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து ஒரு இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

அயல்நாட்டுக் கிளிகளின் நிலை வேறு. அவற்றை வளர்ப்பதற்குத் தடை இல்லை, ஆனால் பதிவு செய்தாக வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிரினங்கள், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த அதே திருத்தத்தின் மூலம் நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதைத் தொடர்ந்து 2024 பிப்ரவரி 28 அன்று அறிவிக்கப்பட்ட விதிகள், அப்போது இத்தகைய உயிரினங்களை வைத்திருந்தவர்கள் ஆறு மாதங்களுக்குள்ளும் (அந்தக் கெடு 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது), புதிதாகப் பெறுபவர்கள் 30 நாட்களுக்குள்ளும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்து, மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு பெற வேண்டும் என்கின்றன. பறவை குஞ்சு பொரித்தாலும், வேறொருவர் கைக்கு மாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும்.

எந்தக் கிளி இதில் அடங்கும் என்பதில்தான் குழப்பம் மிகுதி. கிளி இனங்கள் ஏறத்தாழ அனைத்துமே சைட்டீஸ் பட்டியல்களில் உள்ளன. நம் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜி, கொண்டையுள்ள காக்டெய்ல், இளஞ்சிவப்பு முகமுள்ள ஆப்பிரிக்க லவ் பேர்ட் ஆகியவை பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் அதே ஆப்பிரிக்க லவ் பேர்ட் வகையில் ஃபிஷர் என்னும் இனம் பட்டியலுக்குள் இருக்கிறது. சன் கான்யூர், நீல மஞ்சள் மக்காவ், எக்லெக்டஸ் எல்லாம் பதிவுக்கு உரியவை. நீலம், மஞ்சள் என நிறம் மாறி வரும் ரிங்நெக் கிளிகளை 'இது வெளிநாட்டுக் கிளி, சைட்டீஸ் பட்டியலிலும் இல்லை' என்று சொல்லி விற்கிறார்கள். அது நம் செந்தார்ப் பைங்கிளியின் இனமேதான்; இந்தியச் சட்டம் இறகின் நிறத்தை வைத்துப் பட்டியல் போடவில்லை என்பதால், அதை வாங்க வேண்டாம் என்றே நான் சொல்லிவருகிறேன்.

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மனிதக் குரலை அச்சு அசலாகப் பேசும் திறமையே அதற்கு எமனாயிற்று. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து பெருமளவில் பிடிக்கப்பட்டு, பயணத்திலேயே ஏராளமானவை மடிந்து, சில பகுதிகளில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டதால், 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாடு அதை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றியது. முதல் பட்டியல் இனங்களை இனப்பெருக்கம் செய்பவருக்குத் தனி உரிமமே தேவை. ஆகவே, ஜோடி சேர்த்துக் குஞ்சு எடுத்து விற்கலாம் என்ற எண்ணத்தோடு சாம்பல் கிளி வாங்க நினைப்பவர்கள், கூண்டுக்கு அளவெடுக்கும் முன்பே வனத்துறை அலுவலகத்துக்கு ஒருமுறை போய்வருவது நல்லது.

பறவையின் ஆவணங்களைக் கேட்டால் என்னிடம் பெரும்பாலும் நீட்டப்படுவது டி.என்.ஏ. அட்டைதான். அது ஆணா பெண்ணா என்று சொல்லும் ஆய்வக முடிவே தவிர, வைத்திருப்பதற்கான உரிமைச் சான்று அன்று. விற்றவரின் பெயரும் முகவரியும், இனத்தின் அறிவியல் பெயரும், கால் வளையத்தின் எண்ணும் உள்ள ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மூட்டே இல்லாத முழு வளையத்தைப் பிறந்து சில நாட்களே ஆன குஞ்சின் காலில்தான் மாட்ட முடியும் என்பதால், பறவை கூண்டில் பிறந்தது என்பதற்கு அது ஓர் அடையாளம். வளையம் இறுகிக் கால் வீங்கினால் அதை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. அப்போது வெட்டிய துண்டுகளையும் மருத்துவரின் குறிப்பையும் பத்திரப்படுத்தி வையுங்கள், வீட்டிலேயே கொறடு கொண்டு வெட்டாதீர்கள், கிளியின் கால் எலும்பு எளிதில் முறிந்துவிடும்.

என்னை மிகவும் வருத்துவது, ஆவணம் இல்லையே என்ற பயத்தில் நோயுற்ற பறவையை மருத்துவமனைக்குக் கொண்டுவராமல் இருப்பவர்களின் நிலைதான். கிளி தன் நோயை முடிந்தவரை மறைக்கும் பறவை. இறகை உப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும் கட்டத்தில் நோய் முற்றியிருக்கும். கிளிகளுக்கு வரும் நோய்களில் சிட்டகோசிஸ் போன்றவை மனிதர்களுக்கும் தொற்றி நுரையீரலைப் பாதிப்பவை. ஆகவே முதலில் சிகிச்சை, பிறகு மாவட்ட வன அலுவலகம் என்பதே நான் சொல்லும் வரிசை.

வீட்டில் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூண்டைத் திறந்துவிட வேண்டாம். இறகு வெட்டப்பட்டு, சோறும் பழமும் ஊட்டி வளர்க்கப்பட்ட கிளி சரியாகப் பறக்காது, இரை தேடவும் அறியாது. காகமோ பூனையோ வெகுவிரைவில் அதை முடித்துவிடும். வனத்துறையிடம் நீங்களாகவே ஒப்படையுங்கள். பதிவு பெற்ற அயல்நாட்டுக் கிளி இறந்துபோனால் அதையும் தெரிவிக்க வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. துயரத்தில் உடனே புதைத்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுவந்தால், இறப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற்று விண்ணப்பத்தோடு சேர்க்கலாம், வீட்டில் வேறு பறவைகள் இருந்தால் அவற்றுக்கு அந்த நோய் பரவாமலும் காக்கலாம்.