ஓதம் ஏறும் சுவர்: கடலோரத்தில் செங்கல் உதிர்வது எப்படி?

மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்தக் கடலோர ஊரிலும் கட்டிப் பத்து வருடமான வீட்டின் வெளிச்சுவரைக் குனிந்து பாருங்கள். தரையிலிருந்து ஓரடி முதல் மூன்றடி வரை பெயின்ட் அப்பளம் மாதிரி பொங்கி நிற்கும். நகத்தால் சுரண்டினால் பூச்சு பொலபொலவென்று கொட்டும். அதற்குப் பின்னால் பஞ்சு போல வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். நாக்கு நுனியில் வைத்தால் கரிக்கும். அதையும் தட்டிவிட்டால் செங்கல்லே தூளாக வரும். ஆறடி உயரத்தில் அதே சுவர் புதிது போல நிற்கும். தரையை ஒட்டிய முதல் அரையடிகூடப் பல வீடுகளில் கெடாமல் இருக்கும்.

"கல் சரியில்லை" என்று காளவாசல்காரரைத் திட்டிவிட்டு மறுபடி சிமென்ட் பூசுவார்கள். மூன்று வருடத்தில் மறுபடி பொங்கும்.

வலுவான கல்லாகப் பார்த்து வாங்கினால் பிரச்சினை தீரும் என்ற எண்ணம்தான் முதல் தவறு. ஒரு சின்னக் கணக்கு. பத்தடி உயரச் சுவரின் அடிக்கல் தன் மேலுள்ள சுவருக்காகத் தாங்கும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 0.06 நியூட்டன். இந்தியத் தரநிலை ஏற்கும் ஆகக் குறைந்த வகுப்புச் செங்கல்லே 3.5 நியூட்டன் தாங்க வேண்டும். கல்லாகத் தாங்குவதைவிடச் சுவராகக் கட்டியபின் தாங்குவது பல மடங்கு குறையும், கூரைப் பாரமும் சேரும். இருந்தாலும் ஒரு மாடி வீட்டுக்கு இடைவெளி தாராளமாகவே இருக்கிறது. இந்தக் கடற்கரையில் செங்கல் பாரத்தால் நொறுங்குவதில்லை. அதன் நுண்துளைகளுக்குள் உப்பு வளர்ந்து அதை உள்ளிருந்தே பிளக்கிறது.

செங்கல் என்பது கண்ணுக்குத் தெரியாத குழாய்களின் கட்டு. குழாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் தானாக ஏறும். ஆரம் நூறில் ஒரு மில்லிமீட்டர் என்றால் கணக்குப்படி ஒன்றரை மீட்டர். அதிலும் பத்தில் ஒரு பங்கு என்றால் பதினைந்து மீட்டர். நிஜச் சுவரில் அவ்வளவு ஏறாது. ஏறும் வழியிலேயே வெயிலும் காற்றும் தண்ணீரை ஆவியாக்கி இழுத்துவிடும். ஏற்றமும் ஆவியாதலும் சமமாகும் இடம்தான் அந்த ஓரடி முதல் மூன்றடி. தண்ணீர் போய்விடும், அது சுமந்து வந்த உப்பு போகாது. ஓதம், அதாவது நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம், கோடு போட்டது மாதிரி ஒரே உயரத்தில் நிற்பது இதனால்தான். அடியோரம் எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அங்கே உப்பு கரைசலாகவே கிடக்கிறது. படிகமாகாத உப்பு கல்லை உடைக்காது. அழகன்குளம் அகழாய்வில் கிடைத்த சங்ககாலப் பெரிய செங்கற்களும் இத்தனை காலம் வெயில் படாத மண்ணுக்குள்தான் கிடந்தன.

ஈரம் மெதுவாகக் காய்ந்தால் உப்பு மேல்பரப்பு வரை வந்து வெள்ளையாகப் பூக்கும். அதனால் அழகுதான் கெடும். கடல்காற்று வேகமாக உலர்த்தும்போது, உள்ளிருந்து தண்ணீர் வந்து சேருமுன்பே மேல்தோல் காய்ந்து, ஆவியாகும் இடம் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப்போகும். உப்பு அங்கேயே, தோலுக்கு அடியில் படிகமாகும். தோலைத் தள்ளும்.

இது ஒருமுறை நடந்து நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும். கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். நம் கடலோரத்தில் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மேலும் கீழுமாக ஊசலாடுவது அன்றாடம். ஆக, மழையே இல்லாத சித்திரையிலும் சுவருக்குள் உப்பு இரவில் கரைந்து பகலில் கெட்டியாகிக்கொண்டே இருக்கும். சோடியம் சல்பேட் இதைவிட மோசம். சுமார் 32 டிகிரிக்குக் கீழே அது பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்ட படிகமாகிறது. நீரற்ற வடிவத்தைவிட அதன் பருமன் மூன்று மடங்குக்கும் மேல்.

உப்பு எங்கிருந்து வருகிறது? நிலத்தடி ஓதம் ஒரு வழி. செங்கல் அறுத்த, அதாவது அச்சில் வார்த்த, மண் இன்னொன்று. பலரும் கவனிக்காத மூன்றாவது வழி, கட்டுமானத் தண்ணீர்.

மண்ணை முதலில் பார்ப்போம். நல்ல செங்கல் மண்ணில் மணல் தன்மையான சிலிக்கா பாதிக்கு மேல், அலுமினா கால் பங்கு அளவு, சுண்ணாம்பு ஐந்து சதவீதத்துக்குள், நிறம் தரும் இரும்பு கொஞ்சம் இருக்க வேண்டும். கரிசலை மட்டும் வைத்து அறுத்தால் பச்சைக்கல் காயும்போதே வெடிக்கும். மணலோ செம்மண்ணோ கலந்தாக வேண்டும். கண்மாய்க் கரம்பை நன்றாக வரும், களர் நிலத்து மண் உப்பைக் கூடவே கொண்டுவரும். பட்டாணி அளவு சுக்கான் கல் கலந்துவிட்டால் அது வேறு வினை: சூளையில் சுட்ட சுண்ணாம்பாக மாறி, பின்னால் ஈரம் பட்டதும் ஊதி, கல்லின் முகத்தை வட்டமாகப் பெயர்த்துவிடும்.

காய்ந்து சுருங்கும் என்பதால் அச்சு, வேண்டிய அளவைவிட 8 முதல் 12 சதவீதம் பெரிதாக இருக்கும். சூளையில் நெருப்பு ஏற ஏற நடப்பது இது: 100 டிகிரியில் ஈரம் வெளியேறும். 450 முதல் 650-க்குள் களிமண்ணின் அமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீர் பிரியும்; அதற்குப் பிறகு எவ்வளவு நனைத்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. 900-ஐத் தாண்டியதும் துகள்களின் ஓரம் லேசாக உருகிக் கண்ணாடி போல ஒன்றோடொன்று ஒட்டும். இந்தக் கடைசிக் கட்டம்தான் கடலோரத்துக்கு முக்கியம். அதை எட்டாத கல்லில் மிகக் குறுகலான துளைகள் ஏராளமாக மிஞ்சும். துளை குறுகக் குறுக உப்புப் படிகம் தரும் அழுத்தம் கூடும். சீமைக்கருவேல விறகு போட்டு எரிக்கும் நாட்டுச் சூளையில் ஓரத்துக் கல்லும் மேல்வரிக் கல்லும் பெரும்பாலும் அரைவேக்காடுதான். நிரந்தரமாகக் கட்டிய சேம்பர் சூளையில் சுட்ட சேம்பர் கல் ஒரே சீராக வேகும், கடலுக்குப் பக்கத்தில் கட்டுபவர்கள் அதையே கேட்டு வாங்கலாம். வேக்காடு குறைந்த கல்லை நிறத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்க முடியாது. இரும்பு கூடுதலான மண் அரைவேக்காட்டிலும் சிவப்பாகத்தான் இருக்கும்.

இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சோதனை. இங்கே அது போதாது. லோடு இறக்குமுன் ஐந்தாறு கல் வாங்கி, நன்றாகக் காயவைத்து எடை போட்டு, 24 மணிநேரம் தண்ணீரில் மூழ்கவைத்து, துடைத்து உடனே மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 3.600 கிலோ ஆனால் 20 சதவீதம். சாதாரண வகுப்புக் கல்லுக்குத் தரநிலை விடும் எல்லை அது. கடலோரத்தில் 15 சதவீதத்தைத் தாண்டிய கல்லை, அதாவது 3.450 கிலோவுக்கு மேல் போகும் கல்லை, வெளிச்சுவருக்கு எடுக்காமல் இருப்பதே நல்லது. உப்பைப் பார்க்க இன்னொரு வழி: ஒரு தட்டில் ஓர் அங்குல ஆழத்துக்கு பேட்டரி தண்ணீர் (உப்பில்லாத, காய்ச்சி வடித்த நீர்) ஊற்றி, கல்லை அதில் செங்குத்தாக நிறுத்தி நிழலில் விடுங்கள். முழுவதும் உறிஞ்சிக் காய்ந்ததும் இன்னொரு முறை ஊற்றிக் காயவிடுங்கள். முகத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் வெள்ளை பூத்தால் கொஞ்சம்தான். பாதி வரை பூத்தால் நடுத்தரம். பாதிக்கு மேல் போனாலோ, பொருக்காக உதிர்ந்தாலோ லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். குழாய்த் தண்ணீரை வைத்து இதைச் செய்தால் கல்லின் உப்பா, தண்ணீரின் உப்பா என்று தெரியாது.

இனி தண்ணீர். கட்டுமுன் கல்லை நனைக்கத்தான் வேண்டும். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் சிமென்ட் இறுகாமல் இணைப்பு மாவாகும். கல்லின் மேல் ஒரு ரூபாய் அளவு வட்டத்தில் 20 சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் காணாமல் போனால் கல் இன்னும் தாகமாக இருக்கிறது. சரி, எந்தத் தண்ணீரில் நனைப்பது? ஒரு கல் 400 மில்லி உறிஞ்சுகிறது என்று வையுங்கள். லிட்டருக்கு 5 கிராம் உப்புள்ள கிணற்றுத் தண்ணீர் என்றால் கல்லுக்கு 2 கிராம், ஆயிரம் கல்லுக்கு 2 கிலோ உப்பு. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் என்றால் ஆயிரம் கல்லுக்கு 14 கிலோ! ஒன்பது அங்குலச் சுவர் நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய ஆயிரம் கல் பிடிக்கும். அப்படியானால் ஒரு வீட்டுச் சுவருக்குள் எத்தனை மூட்டை உப்பை நாமே காசு கொடுத்துக் கட்டிவைக்கிறோம் என்று பாருங்கள். கலவைக்கு நல்ல தண்ணீர் வண்டியை வரவழைத்துவிட்டு, கல் நனைக்கவும் சுவர் நனைக்கவும் உப்புக் கிணற்றில் மோட்டார் போடும் வழக்கம் இருக்கிறதே, அது சிக்கனமே இல்லை. லின்டல் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதும் இதே உப்பால்தான். மணலும் இதே கதை. கடற்கரை மணலைக் கையால் தொடவே வேண்டாம்.

கலவையில் சிமென்ட் கூடினால் நல்லது என்பது இங்கே பொய். ஒன்பது அங்குலச் சுவருக்கு 1:6 (ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல்) போதும், நாலரை அங்குலத் தடுப்புக்கு 1:4. 1:3 போட்டுக் கட்டினால் இணைப்பு கல்லைவிட இறுக்கமாகி, ஈரம் முழுவதும் செங்கல் வழியாகவே வெளியேறும். சில வருடத்தில் கல் குழிந்து, இணைப்பு மட்டும் தேன்கூடு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் மிஞ்சிய சுவர்களில் பவளப்பாறைக் கல் தெரியும். அந்தக் காலத்துக் கட்டடங்களில் கல்லைவிட மிருதுவான சுண்ணாம்புச் சாந்துதான் இணைப்பு. இன்று பவளப்பாறையை எடுப்பது சட்டப்படி குற்றம், சுண்ணாம்புக்கு அந்தத் தடை கிடையாது. பூச்சுக்கு சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6 என்று கலந்தால் சுவருக்கு மூச்சுவிட வழி கிடைக்கும்.

இணைப்பு 10 மில்லிமீட்டர். சிமென்ட் அரைமணிக்குப் பிறகு இறுக ஆரம்பிக்கலாம், அதற்குள் தீர்கிற அளவே குழைக்க வேண்டும். ஒரே நாளில் ஐந்தடிக்கு மேல் ஏற்றக் கூடாது. செங்கல்லில் பள்ளம் உள்ள முகம் மேலே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்தால் பள்ளத்தில் கலவை நிரம்பாமல் பொந்து விழும். குத்து இணைப்புகளில் கலவையை நுனியில் மட்டும் தடவி மூடிவிடும் வேகக் கொத்தனார்கள் உண்டு. உப்புக்காற்று உள்ளே போக அது போட்டுக்கொடுத்த பாதை.

எல்லாவற்றையும்விட, அடித்தளத்துக்கு மேல் சுவர் தொடங்கும் மட்டத்தில் நீர்த்தடுப்புப் படை வேண்டும்: 40 மில்லிமீட்டர் அடர்ந்த கான்கிரீட், அதன் மேல் தார்ப்பூச்சு. பெரும்பாலும் இதைப் போடத்தான் செய்கிறார்கள், பிறகு தாங்களே கெடுத்தும் விடுகிறார்கள். வெளிப்பூச்சைத் தரைவரை இழுத்து ஓதத்துக்குப் பாலம் கட்டுவது ஒன்று, ரோடு உயர்ந்ததும் வாசலில் மண் கொட்டிப் படையையே புதைத்துவிடுவது இன்னொன்று.

ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவரை ஐப்பசி மழைக்கு முன் காய்ந்த காலத்தில் எடுங்கள். உப்புக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்பை அரை அங்குலத்துக்கு மேல் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே போகும். உதிர்ந்த தூளைச் சுவரடியில் விடாமல் சாக்கில் அள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையே அதைத் திரும்பக் கொடுத்துவிடும். பிறகு களிமண்ணும் மணலும் நல்ல தண்ணீரில் குழைத்து ஓர் அங்குலக் கனத்துக்கு அப்பி, காய்ந்து வெடிக்கும்வரை விட்டு உரித்தெடுங்கள். காயும்போது உப்பு அந்த மண்ணுக்கு இழுபடும். இரண்டு மூன்று முறை செய்யலாம். தூளான கற்களைப் பெயர்த்துவிட்டுச் சோதித்த கல் வைத்து, சுண்ணாம்பு கலந்த பூச்சை நீர்த்தடுப்புப் படைக்கு மேலேயே நிறுத்தி, சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். எனாமல் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் அதன் பின்னாலேயே அப்பளம் மறுபடி பொங்கும்.